இந்த ஊட்டு அரிசி இல்ல

தாட்சாயிணியின் மகன் எதனால் இறந்தான் என்று கேட்டவர்களுக்கு அவள் இரண்டு பதில்கள் சொல்லியிருக்கிறாள். முதல் பதில் காய்ச்சல். அதை ஒரு வருஷம்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது பதிலைத் தன் கடைசிக் காலம்வரை சொன்னாள். முதலாவதை விட்டு இரண்டாவதற்கு அவள் வந்த வழியைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்பத்தூர் ஏரிக்குத் தெற்கே நெல்லிமேடு. ஏரி நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கேழ்வரகு. அதுவும் கைவிட்டால் செங்கல் சூளை. அவள் புருஷன் கோவிந்தன் ரங்கூனுக்குப் போய் அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். முதலில் கடுதாசி வந்தது, பிறகு நின்றுபோனது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் அவள் பொட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். நாற்று நட்டும் களை எடுத்தும் மகனையும் மகளையும் வளர்த்தாள்.

காங்கிரஸ் மந்திரிசபை வந்த வருஷம், ஆடியில், மகன் சம்பத் போனான். அந்தி சாய்ந்தால் அவனுக்குக் கண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவான். பிறகு வயிற்றுப்போக்கு கண்டது. அதன் பிறகு காய்ச்சல். கடைசியாக வந்தது காய்ச்சல் என்பதால் அதன் பேரைச் சொன்னாள். காரியம் முடிந்ததும் களை எடுக்கப் போய்விட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை என்பது உண்மைதான்.

அறுப்பு முடிந்த பிறகு சென்னையிலிருந்து டாக்டர் ஜெயராமன் வந்தார். வைத்தியம் பார்க்க வரவில்லை, ஆராய்ச்சிக்கு வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் பாலும் மீனெண்ணெயும் கொடுத்தால் உடம்பும் படிப்பும் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு ஊர்களை எடுத்திருந்தார். ஒன்று நெல்லிமேடு, மற்றொன்று பட்டாபிராம் பக்கத்தில். எந்த ஊரில் சாப்பாடு மோசமோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாலும் எண்ணெயும். மற்ற ஊர் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். ஆகவே யார் வீட்டில் என்ன உலையில் போகிறது என்பதை முதலில் நிறுத்தாக வேண்டும். அடுப்பங்கரைக்குள் ஆம்பிளை நுழைய முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை வேண்டும் என்றார். பூந்தமல்லி மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் ஊரில் தாட்சாயிணி ஒருத்திதான்.

அவளுக்கு ஒரு தராசும் பித்தளைப் படிக்கற்களும் கொடுத்தார். உலையில் போடும் முன் நிறுக்க வேண்டும், தராசு சொல்வதை மட்டும் எழுத வேண்டும், தன் யோசனையைக் கலக்கக் கூடாது என்றார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. யோசனை கேட்காத வேலை.

வேலைக்கு ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணமும் உண்டு. மகள் அலமேலுவும் அந்தியில் சுவரைத் தடவ ஆரம்பித்திருந்தாள். மாலைக்கண்ணுக்கு மீனெண்ணெய் கேட்கும் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை அவள் பிடித்து வைத்துக்கொண்டாள்.

முதலில் போனது பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளிடம்.

"இன்னாடி தாட்சா, பொன்னு நிறுக்கிற தராசு கணக்கா தூக்கிகினு வந்துகீற?"

"அரிசி நிறுக்கத்தான்க்கா."

"அரிசியை அளக்கணும்டி. நிறுத்தா பரக்கத்து பூடும், ஊட்ல தங்காதுன்னு மளிகைக்கட ஹாஜா மொய்தீன் பாயே சொல்வாரு."

"அவரு தினம் நிறுத்துத்தான விக்கிறாரு."

"அது கடையில. இது ஊடு."

சிரித்துக்கொண்டே முறத்தை நீட்டினாள். நல்ல சம்பா அரிசி. தாட்சாயிணி அந்த வீட்டுக் கூழ்ப் பானையை நேற்றுகூடக் கழுவக் கண்டவள். முறத்தைப் பார்த்தாள். அரிசிக்கு நடுவே ஓர் ஆமணக்கு முத்து கிடந்தது, புள்ளி போட்ட முதுகோடு. அதை எடுத்துத் தனியே வைத்து நிறுத்தாள், எழுதினாள், முத்தைத் திரும்ப முறத்தில் போட்டாள்.

அடுத்தது அன்னம்மாள் வீடு. முறத்தில் சம்பா அரிசி. நடுவில் ஆமணக்கு முத்து.

அதற்கும் அடுத்த வீட்டுக்குத் தெருவழியாகப் போனாள். அவள் போய்ச் சேருவதற்குள் புழக்கடை வழியாக முறம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரி தாயம்மாவுக்கு மூச்சு வாங்கிற்று. தாட்சாயிணி முத்தைப் பொறுக்கி எடுத்தபோது தாயம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அத்த எங்கிட்ட குடுத்துடுடி. எல்லா ஊட்டையும் பாத்துட்டுது, தங்கிட்டுப் போவட்டும்."

தாட்சாயிணி சிரிக்கவில்லை. நிறுத்தாள், எழுதினாள்.

வெளி மனுஷர் வரும்போது அடுப்பைக் காலியாகக் காட்டுவது அந்த ஊரில் வழக்கமில்லை. பெண் பார்க்க வந்தாலும், ஜப்தி செய்ய வந்தாலும், வந்தவர் கண்ணில் அரிசி பட வேண்டும். இல்லாதவள் இருக்கிறவளிடம் வாங்கி வைப்பாள். கேட்காமலே கொடுப்பார்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள். தராசு ஊருக்குள் வந்ததும் அந்த வழக்கம் தானாக எழுந்து நடந்தது. யாரும் கூடிப் பேசவில்லை.

அவள் கன்னியம்மாளிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, குடிக்கிறத காட்டுங்க. கூழுன்னா கூழு. அப்பத்தான் பால் வரும்."

"மாங்காட்லேர்ந்து எம் பொண்ணைப் பாக்க வர்றாங்க. இந்த ஊட்ல ராவும் பகலும் கூழுன்னு நீ எழுதிக் குடுப்ப, அவன் டவுன்ல வெச்சிப் படிப்பான்."

"டாக்டரு மட்டுந்தான் படிப்பாரு."

"டாக்டருக்கு வாய் இல்லியா?"

தாட்சாயிணி தராசை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் வாராவாரம் அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி சைக்கிளில் வருவார். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் எழுதியதைப் பார்ப்பார். அந்த முறை வெகுநேரம் பார்த்தார்.

"உங்க ஊர் நல்லாத்தான் சாப்பிடுது தாட்சாயிணியம்மா. பட்டாபிராம் பக்கம் இதுல பாதிகூட இல்லை."

அவள் நின்றாள்.

"ஆனா பிள்ளைங்க உடம்பைப் பார்த்தா அப்படித் தெரியலையே. வயித்துல பூச்சி இருக்கும்போல. தண்ணியா, ஏரியா, என்னவோ." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "சரி, எண்ணெயை அங்கேயே கொடுத்துடலாம். இன்னும் ஒரே ஒரு வீடுதான் பாக்கி, உங்க வீடு. வீடுகளைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தேன், அதுல உங்க பேரும் விழுந்திருக்கு. தன் வீட்டைத் தானே நிறுக்கக் கூடாது. நான் காலையில வரேன்."

ஆமணக்கு முத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கன்னியம்மாள் பொய்க்காரி, அன்னம்மாள் பொய்க்காரி, தாயம்மா பொய்க்காரி. சம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் பக்கத்தில் நின்றவர்கள். அடுத்தவள் பானையைத் திறந்துகாட்ட அவளுக்கு உரிமையில்லை. தன் பானை ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

அந்தியில் கன்னியம்மாள் புழக்கடைப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் முறம்.

"நாளைக்கு உம் முறையாமே. பாயாண்ட கடன் சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுகீறேன். நிறைவா தெரியட்டும். நெத்திலி வறுவலும் வெச்சிகீறேன், அத்தையும் நிறுக்கச் சொல்லு."

"வேணாங்க்கா."

"இன்னா வேணாம்? சம்பத்து வயித்துக்கு இல்லாம பூட்டான்னு எவளும் உன்னை ஒரு சொல்லு சொல்லக் கூடாது. அதான் எனக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முறம் அடுப்பருகே இருந்தது.

அதுவரை தாட்சாயிணி அதை அப்படி நினைத்ததில்லை. அல்லது நினைக்காமல் இருக்கக் காய்ச்சல் என்ற சொல் உதவியாக இருந்தது. காய்ச்சல் எங்கிருந்தோ வருவது. மாரியம்மன் அனுப்புவது, ஏரிக் காற்றில் வருவது. கையால் ஊற்றிக் கொடுத்த கூழ் அப்படியில்லை. நாளைக்குத் தன் பானை தராசில் ஏறினால், போன வருஷத்துப் பானையும் கூடவே ஏறும். அரிசி ஏறினால் மகன் காய்ச்சலில் இறந்தவனாகவே இருப்பான். மகளுக்கு எண்ணெய் கிடைக்காது.

வாசலில் சத்தம். அலமேலு ஆட்டுக்கயிற்றில் கால் தடுக்கி விழுந்திருந்தாள். அழவில்லை. கையை முன்னால் நீட்டி, சுவர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். தாட்சாயிணி போய் அந்தக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தாள்.

காலையில் டாக்டர் புழக்கடைப் பக்கமாக வந்து தராசைக் கட்டினார். அடுப்பங்கரை வாசலில் முறம் தெரிந்தது.

"அரிசியா? கொண்டாங்க."

"இந்த ஊட்டு அரிசி இல்ல சார்."

"பின்னே யாருது?"

"இந்த ஊட்டுது இல்ல."

மூலையிலிருந்து கேழ்வரகு மாவுச் சட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு கை நொய். அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது ஒரு வேளைக்கா?"

"நாள் பூராவுக்கும். ரெண்டு பேருக்கும்."

தராசுத் தட்டு தாழவேயில்லை. அவர் சின்னக் கல்லுக்கு மாறினார். அதற்கும் சின்னது போட்டார். தட்டு ஆடி நிற்பதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயாவது வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. தட்டு நின்றது.

"எப்பவும் இதேதானா?"

"அறுப்பு சமயத்துல அரிசி உண்டு. மத்தபடி இதான்."

"காய், கீரை?"

"ஏரிக்கரையில கீரை கெடைச்சா உண்டு. போன வருஷம் ஏரி காஞ்சிடுச்சி."

டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் இறந்த பிள்ளைகளைப் பற்றி அவள் கையாலேயே எழுதியிருந்தாள். தன் வீட்டுக்கும் எழுதியிருந்தாள்.

"பையன் காய்ச்சல்னு போட்டிருக்கீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவனும் இதைத்தான் சாப்பிட்டானா?"

"ஆமா சார்."

"மாலைக்கண் இருந்ததா?"

"இருந்துது."

"அப்ப இதுல என்ன போடட்டும்?"

"சாப்பாடு பத்தலன்னு போடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தராசு சொன்னதை எழுதுங்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எழுதினார்.

போகும்போது மெதுவாகக் கேட்டார். "மத்த வீடுகள்ல நான் இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கணுமா?"

"நான் போறேன் சார். நீங்க வர வேணாம்."

படலுக்கு அந்தப் பக்கம் நின்று கன்னியம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சைக்கிள் தெருத் திரும்பியதும் உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பெத்த புள்ள பசியில செத்தான்னு நீயே சொல்லி எழுத வெச்சிட்டியேடி. எந்தப் பொம்பளயாவது செய்வாளா இத்த?"

தாட்சாயிணி முறத்தை எடுத்துக் கொடுத்தாள். "அப்பிடியே கீதுக்கா. தொடல. முத்தும் உள்ள கீது."

கன்னியம்மாள் முறத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் தாட்சாயிணி தராசோடு அவள் வீட்டு வாசலில் நின்றாள். கூப்பிடவில்லை. கன்னியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி மாவுச் சட்டியை வாசற்படி வரைக்கும் தள்ளிவிட்டாள்.

"போடு."

தாட்சாயிணி நிறுத்தாள்.

"மாங்காட்டுக்காரன் காதுல வுழுந்துதுன்னா, உன் ஊட்ல வந்துதான் எம் பொண்ணு குந்திக்கும்."

"குந்தட்டும்க்கா."

"கூழு ஊத்துவியா?"

"இருந்தா ஊத்துவேன்."

கன்னியம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். சிரித்தாளா, புகையில் இருமினாளா என்று தெரியவில்லை. அடுத்த வீடுகளில் முறம் வரவில்லை. சட்டிகள் வந்தன. தாயம்மா வீட்டில் சட்டியும் வரவில்லை. முந்தின நாள் சோளக் களியில் மிச்சம் ஒரு உருண்டை வந்தது.

மாங்காட்டுக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை. கூழ் காரணமா, சீர் காரணமா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் கழித்துத் திருமழிசையில் இடம் அமைந்தது. அதுவரை கன்னியம்மாள் தாட்சாயிணியிடம் பேசினாள், ஆனால் படலைத் திறந்துகொண்டு வரவில்லை.

மீனெண்ணெய் நெல்லிமேட்டுக்கு வந்தது. பட்டாபிராம் பக்கத்து ஊர் ஒப்பிட்டுப் பார்க்கும் ஊராயிற்று. அங்கே பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது தாட்சாயிணிக்குத் தெரியும். பிறகு அந்த ஊருக்கும் தராசோடு போனாள். அங்கேயும் பெண்கள் முறத்தை நீட்டியபோது, "என் ஊட்ல சாப்பாடு பத்தாம ஒரு புள்ள பூட்டான்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கல்லைக் கையில் எடுத்தாள். யார் கேட்டாலும் அதே குரலில் சொன்னாள். எடை சொல்வதுபோல. யுத்தம் மூண்டு, பட்டாளம் ஆவடிக்கு வந்து ஆராய்ச்சி நிற்கும்வரை அந்த வேலை செய்தாள்.

எண்ணெய் கொடுத்த முதல் நாள் அவள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். வாத்தியார் தங்கவேல் புட்டியும் கரண்டியுமாக வரிசையில் வந்தார். பிள்ளைகள் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்தார்கள். அலமேலு விழுங்கிவிட்டுப் பாவாடையில் நாக்கைத் துடைத்தாள். சம்பத் இருந்திருந்தால் நிற்கிற வரிசை அடுத்தது. அந்த வரிசையிலும் கரண்டி கடைசிப் பிள்ளை வரைக்கும் போனது. வாத்தியார் புட்டியை மூடியதும் அவள் வீட்டுக்குப் போனாள்.

பங்குனி முடிவில் ஒரு நாள் அந்தியில் அவள் வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அலமேலு தெருவிலிருந்து ஓடி வந்தாள். ஆட்டுக்கயிறு குறுக்கே கிடந்தது. அதைப் பார்த்து, காலைத் தூக்கித் தாண்டி உள்ளே போனாள். கை சுவரைத் தொடவில்லை.

தாட்சாயிணி சல்லடையை வைத்துவிட்டு அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்க் கூழைக் கரைத்தாள்.