சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஆஸ்பத்திரியின் இயற்பியல் மேடத்தை நினைத்தால், நோயாளி படுக்க வேண்டிய ஸ்கேனர் மேசையில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த காட்சிதான் முதலில் வரும். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனை. மூளையைப் படம் எடுக்கும் பெட் (PET) ஸ்கேனரை இயக்குவது என் வேலை. அந்தப் படத்தை நம்பலாமா என்று சொல்வது அவர் வேலை.

நோயாளிக்கு ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து உள்ளேயிருந்து கதிர் விடும். கருவி அதைப் பிடித்துப் படமாக்கும். ஊசி போட்டுக்கொண்ட வேறொருவர் பக்கத்தில் இருந்தால் அவர் உடம்பின் கதிரும் புகுந்து படத்தை மங்கலாக்கிவிடும். அதனால் ஊசி போட்டவர்களைத் தூரத்து அறையில்தான் படுக்கவைப்போம். பிறகு ஒரு புது மேனேஜர் வந்தார். ஆட்கள் நடந்து வரும் நேரம் வீண் என்று, ஸ்கேனருக்கு அடுத்திருந்த சாமான் அறையைக் காத்திருக்கும் அறையாக்கினார். நடுவில் கதிரைத் தடுக்கும் ஈயத்தகடு இல்லாத வெறும் சுவர். மேடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். 'பார்க்கலாம்' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

அன்று வந்தவர் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுபவர். மூளைக் கட்டியை எடுத்து, கதிர் சிகிச்சையும் முடிந்திருந்தது. கட்டி திரும்ப வந்திருக்கிறதா, வெறும் தழும்புதானா என்று தெரிய வேண்டும். துணைக்கு யாரும் வரவில்லை. எடுத்த படம் முழுக்கப் புகைமூட்டம். மேடம் விறுவிறுவென்று அடுத்த அறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே, அடுத்த முறைக்காக ஊசி போட்டுக் காத்திருந்த கோத்தா திங்கி ஊர் அம்மா ஒருவர், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி உள்ள ஒத்தையா கெடக்குதே, அதான் பக்கத்துல உக்காந்தேன்," என்றார்.

"நீங்க பக்கத்துல உக்காந்தாதாம்மா அவருக்குத் தொந்தரவு," என்றார் மேடம்.

"நான் சத்தமே போடலையே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் ஆட்கள் ஆஸ்பத்திரியில் யாரையும் தனியாக விடமாட்டார்கள். அந்த அம்மாவின் மனத்தில் ஒரு குறையும் இல்லை. குறை அந்தச் சுவரில் இருந்தது, சொல்லியும் கேட்காதவரிடம் இருந்தது.

மருந்து இன்னும் லாரிக்காரரின் தலையில் இருந்ததால் உடனே மறுபடி எடுக்கலாம். அவரை இறக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை.

"படம் தெரியுதுதானே மேடம்? அனுப்பிடுங்க லா. அடுத்த ஆள உள்ள விடுங்க."

அப்போதுதான் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறினார். "அந்த ரூம காலி பண்ணிட்டு இவர மறுபடி படுக்க வைக்கிற வரைக்கும் யாரும் இதுல படுக்க முடியாது. போலீஸ கூப்பிடுறதுன்னாலும் கூப்பிடுங்க."

எனக்கும் எங்கிருந்தோ ரோஷம் வந்தது. கணினியை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

மேனேஜர் முணுமுணுத்தபடி வழிக்கு வந்தார். அந்த அம்மாவைத் தூரத்து அறைக்கு அழைத்துப் போனோம். இந்த முறை படத்தில் புகை இல்லை. தழும்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு பொட்டு பளிச்சென்று தெரிந்தது. பிறகு டாக்டரும் பார்த்து உறுதி செய்தார். கட்டி திரும்ப வந்திருந்தது.

"இதக் கண்டுபிடிக்கவா இவ்ளோ சண்ட?" என்று கேட்டார் மேனேஜர்.

"இதுக்குத்தான்," என்றார் மேடம்.

பொட்டு பெரிதாவதற்குள் அறுவை சிகிச்சை நடந்தது. மேடத்தின் ஒப்பந்தத்தை மருத்துவமனை நீட்டிக்கவில்லை. அவர் கெஞ்சவும் இல்லை. எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. சாமான் அறையாகத் திரும்பிவிட்ட அந்த அறையில் மறுபடி நாற்காலி போடலாமா என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். முடியாது என்று நான்தான் சொல்கிறேன், காரணத்தோடு, சத்தமாகவே.

லாரிக்காரர் இப்போது மூவார் ஊரில் ஒரு நாற்காலி மேசைக் கடையில் வேலை செய்கிறார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் படுப்பதற்கு முன் என்னைக் கேட்பார்.

"பக்கத்து ரூம்ல யாரும் இல்லையே தங்கச்சி?"

"இல்லண்ணே. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப எடுங்க. கட்டி திரும்ப வந்திருந்தா தெரியட்டும்," என்று அவரே தலையைக் கருவிக்குள் வைத்துக்கொள்கிறார்.