ஏட்டு தண்டபாணியும் மணல் அடைத்த ரிவால்வரும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, சிதம்பரத்தில் என் வீட்டு வாசலில் காசிம் வந்து நின்றார். பரங்கிப்பேட்டைப் படகுக்காரர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏட்டய்யா மவுத்தாயிட்டாங்கய்யா" என்றார்.

எந்த ஏட்டு இறந்துபோனார் என்று நான் கேட்கவில்லை. காசிம் ஏட்டய்யா என்று சொன்னால் அது ஒருவர்தான்.

"நேத்து சாயங்காலம். காட்டுமன்னார்கோயில்ல, அவுங்க வூட்டுலயே. காமாலை ஜாஸ்தியாயிடுச்சாம். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. அதான் நானே வந்துட்டேன்."

இருவரும் ஒரே பஸ்ஸில் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. காசிம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் நான் இந்த மனிதரின் நெஞ்சுக்கு நேரே ரிவால்வரை நீட்டி விசையை இழுத்தவன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். ஏட்டு தண்டபாணியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். ஸ்டேஷனில் கத்திக்கொண்டு வருகிற ஆளிடம் இவர் முணுமுணுப்பது போலப் பேச, அது காதில் விழ வேண்டுமே என்று அந்த ஆளே கத்தலை நிறுத்திவிடுவான். விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகள் நிலத்தோடு இருந்துவிட, இவர் மட்டும் போலீஸுக்கு வந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் சப்-இன்ஸ்பெக்டர் என்பதால் என்னை ஐயா என்பார். நான் அவரை ஏட்டு என்பேன். நாலு வருஷம் ஒரே ஸ்டேஷனில் இருந்தோம்.

அது கடலூருக்குத் தெற்கே கடற்கரையோரம் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். பாண்டிச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே மது தாராளம்; இங்கே மதுவிலக்கு. அதனால் பாட்டில்கள் படகேறி வந்தன. வாரத்தில் மூன்று நாளாவது நாங்கள் மணலில் நடந்தோம், கழிமுகத்தை இறங்கிக் கடந்தோம், தாழம்புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கிடந்தோம். ஸ்டேஷனில் ரிவால்வர் என் இடுப்பில் இருந்த ஒன்றுதான். ஏட்டுக்குக் கையில் தடி.

என் ரிவால்வரைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் கவலை அதிகம். ரோந்து முடிந்து வந்ததும் கையை நீட்டுவார். கொடுத்தால் தோட்டாக்களை எடுத்து வரிசையாகத் துணியில் வைப்பார். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவுவார். இரும்பைத் தண்ணீரில் கழுவுகிறாரே என்று முதல் நாள் பதறிவிட்டேன். "நல்ல தண்ணி ஒண்ணும் பண்ணாதுங்கய்யா. காயவச்சிட்டா போயிடும். உப்புதான் உள்ள ஒக்காந்துகினு திங்கும்" என்றார். காய்ந்த பிறகு துணியில் இரண்டே சொட்டு தையல் மிஷின் எண்ணெய். இன்னும் கொஞ்சம் விடுங்களேன் என்றால் தலையை ஆட்டுவார். "எண்ணெ ஜாஸ்தியானா மணல் ஒட்டிக்கும். பட்டும் படாமத்தான் போடணும்."

ஒருநாள் பழைய லாரி டியூபை வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஓரங்களை ஒட்டி, ஒரு பை செய்துகொண்டு வந்தார். வாயை மூன்று மடிப்பு மடித்துக் கயிற்றால் கட்ட வேண்டும். இடுப்பில் அல்ல, மாரில் தொங்கவிட வேண்டும். கழிமுகத்தில் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் நனையாது, மணலில் படுத்தாலும் உள்ளே போகாது என்றார். நான் சிரித்தேன். குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டு போவது போல இருக்கிறது என்றேன். மற்ற கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். அவர் பையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்த வாரமே அது நடந்தது. பொழுது சாய்கிற நேரம். படகு ஒன்று வருவதாகத் தகவல். ஏட்டு பையை எடுத்து நீட்டினார். "படகுக்காரனப் புடிக்கப் போறோமா, துப்பாக்கிக்குத் தாலாட்டுப் பாடப் போறோமா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். கழிமுகத்தில் மார்பளவு தண்ணீர். இடுப்பு உறையோடு அப்படியே இறங்கினேன். அக்கரையில் ஈரத்தோடு மணலில் படுத்தேன். முக்கால் மணி நேரம் அசையவில்லை. காற்று மணலை வாரி வாரி எங்கள் மேல் போட்டுக்கொண்டிருந்தது.

படகு தெரிந்தது. கரைக்கு மிக அருகில் வந்தபோது ஒரு பெரிய அலை பக்கவாட்டில் தூக்கி அதைக் கவிழ்த்தது. நான் எழுந்து ஓடினேன். ஏட்டு எனக்கு இருபதடி பின்னால் வந்தார். அலைக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து நேரே என்னை நோக்கி ஓடி வந்தார். கையில் துடுப்பு. ஏதோ கத்திக்கொண்டே வந்தார். அலைச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நில் என்றேன். நிற்கவில்லை. உறையிலிருந்து எடுத்தேன், நீட்டினேன், விசையை இழுத்தேன்.

விசை அசையவில்லை. தோட்டா உருளைக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவில் மணல் இறுகியிருந்தது. மறுபடியும் இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை: அந்த மனிதர் பத்தடி தூரத்தில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கித் துடுப்பைக் கீழே போட்ட பிறகும் ஒரு தடவை இழுத்தேன்.

அதற்குள் ஏட்டு என்னைத் தாண்டி ஓடி அவர் முகத்தருகே காதைக் கொண்டுபோயிருந்தார். திரும்பிக் கத்தினார். அவர் கத்தியதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"ஐயா, படகுக்கு அடியில ஆளு!"

மூன்று பேருமாகப் போய்ப் படகைத் தூக்கினோம். ஓடி வந்தவர்தான் காசிம்; அடியில் கிடந்தது அவர் மச்சான். தொடை எலும்பு முறிந்திருந்தது. வயிறு நிறையக் கடல் தண்ணீர். ஏட்டு அவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார். உயிர் இருந்தது. மணலெங்கும் பாட்டில்கள் உருண்டுகொண்டிருந்தன. அவர்கள் கடத்தியதும் உண்மைதான். உதவி கேட்டு ஓடி வந்ததும் உண்மைதான்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் ஏட்டு வழக்கம் போலக் கையை நீட்டினார். கொடுத்தேன். ஊறவைத்து, தட்டி, உருளையைச் சுழலவைக்க வெகுநேரம் பிடித்தது. நான் எதிரே உட்கார்ந்து, ரிவால்வரை உறையிலிருந்து எடுக்கவேயில்லை என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்றேன். அவர் நிமிரவில்லை.

"எழுதலாம்யா. ஆனா காசிம் கண்ணால பாத்துட்டானே. நாம இல்லன்னு எழுதுனா அவன் பொய்க்காரனாயிடுவான்."

"கடத்தல்காரன்தானே ஏட்டு?"

"கடத்துனான்யா. பொய் சொல்லல."

நான் என் இஷ்டப்படியே எழுதினேன். ஆனால் கோர்ட்டில் காசிம் எழுந்து, இவர் என்னைச் சுடப் பார்த்தார் என்று சொல்லிவிட்டார். விசாரணை வந்தது. கடலூருக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். போகும்போது பஸ்ஸில் நான் ஏட்டிடம் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

மேலதிகாரி என்னை வைத்துக்கொண்டே அவரைக் கேட்டார்.

"ரிவால்வரை வெளியில எடுத்தாரா?"

"எடுத்தாருங்க."

"சுட்டாரா?"

"விசைய இழுத்தாருங்க. மணல் பூந்து சுடல."

"சர்க்கார் ஆயுதத்தை அந்த லட்சணத்துல வச்சிருந்தது யார்?"

"அதுல எனக்கும் பங்கு உண்டுங்க. மணல் போவாம இருக்க ஒரு பை பண்ணேன். ஐயா சிரிச்சதும் ரோசத்துல உள்ள வச்சிட்டேன். அன்னிக்கு வேணான்னதும் விட்டுட்டேன். இன்னொரு வாட்டி சொல்லியிருக்கணும்."

அவருக்கு ஒரு கண்டிப்போடு போயிற்று. நான் சிதம்பரத்துக்கு மேசை வேலைக்கு மாற்றப்பட்டேன். ரிவால்வரை ஒப்படைத்துவிட்டேன். கடலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். என் இடம் காலியாகவே இருந்தது. வேறு யாராவது உட்கார வந்தால், ஆள் வருது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் வரும்வரை சொன்னார். நான் போகவில்லை.

மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவார். பதில் போடமாட்டேன்.

பிறகு ஒருநாள் காசிம் தண்டனை முடிந்து, மீன்பிடிக்கத் திரும்பி, தன் மகள் நிக்காஹுக்கு என்னை அழைக்க வந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஏட்டய்யாதான் சொன்னாங்க. எஸ்.ஐ. ஐயாவ நீயே நேர்ல போய்க் கூப்புடு, வருவாருன்னாங்க" என்றார். போனேன். தண்டபாணி எனக்கு முன்பே வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். முடி கொட்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். வெயில் சுட்டது. நான்தான் முதலில் பேசினேன். மணல் என்னைக் கொலைகாரனாகாமல் காப்பாற்றியது என்றேன். எத்தனையோ பேரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தேன். அது நன்றாக இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் நின்றுவிட்டார். குரல் அடிமட்டத்துக்கு இறங்கியது.

"எனக்கு இன்னிக்கும் தூக்கம் வராதது அதாலதான்யா. அந்தப் பையை உங்க மாருல நான் கட்டிவுட்டிருந்தா, துப்பாக்கி சுத்தமா இருந்திருக்கும். காசிம் செத்திருப்பான். அடியில கெடந்தவனும் செத்திருப்பான். நான் பண்ண பை நல்ல பைதான்யா."

கடலூரில் ஆயுதத்தைக் காக்கத் தவறினேன் என்று என்னோடு சேர்ந்து பழி ஏற்றுக்கொண்டவர், உள்ளுக்குள் இத்தனை வருஷமும் இதையா சுமந்துகொண்டிருந்தார்? பிறகும் துப்பாக்கியை அப்படித் துடைத்தீர்களா என்று கேட்டேன். புதிய எஸ்.ஐ.யின் ரிவால்வரைத் தினமும் துடைப்பதாகச் சொன்னார்.

"அது வேலைய்யா. இரும்பு சரியா இருக்கணும். மனுசன நம்பாம மணல நம்பிகினு இருக்க முடியுமா?"

அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பார்த்துக்கொண்டோம். பிள்ளைகள், மழை, வீராணம் ஏரியில் தண்ணீர் என்று பேசினோம். அவர் என் பதவியைத்தான் கெடுத்தார். ஒரு பொய்யைச் சொல்லி அதற்குள்ளேயே வாழ்கிற வாழ்க்கையிலிருந்து என்னைக் காத்தார். இந்த ஒன்றை மட்டும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டேன். படுத்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகமெல்லாம் மஞ்சள். காசிம் காலடியில் உட்கார்ந்து, உதடு அசைய, தன் வழக்கப்படி ஓதிக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. நான் ஓரமாக நின்றேன். அங்கே இருந்தவர்களில் பலருக்கு நான் யாரென்று தெரியாது. ஒரு பெரியவர் நெருங்கி, நீங்க யாரு என்று கேட்டார். விசாரணையும் மாற்றலும் ஊரறிந்த கதை. பெயரைச் சொல்லத் தயங்கினேன்.

ஏட்டின் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"'எங்க எஸ்.ஐ.'ன்னு இவரு சொல்வாரே, அவுங்கதான்" என்று அந்தப் பெரியவருக்குச் சொன்னார்.

எனக்குப் பிறகு அந்த ஸ்டேஷனுக்கு மூன்று எஸ்.ஐ.கள் வந்து போனார்கள் என்று காசிம் பிறகு சொன்னார். அவர்களை ஏட்டு பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவாராம்.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுகிறேன். தொப்பி, பெல்ட்டு, விசில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தண்டபாணியிடமிருந்து எனக்குக் கிடைத்தது 'எங்க' என்ற அந்த ஒரு சொல். நான் அவர் பக்கத்தில் உட்கார மறுத்த வருஷங்களிலும் அவர் வீட்டில் அது எனக்காக வழங்கி வந்திருக்கிறது. அதை யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.