பந்து தெரியாத வீடியோ

பதினோராம் வகுப்புப் படித்த காலத்தில் எனக்கு என்மேல் இருந்த நம்பிக்கையை கனடாவில் எங்கள் பிக்கரிங் வீட்டில் இருந்த எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாலும் மிஞ்சியிருக்கும். பள்ளிக்கூடக் கரப்பந்தாட்ட அணியில் இடதுபக்கம் நின்று அடிப்பவள் நான். நான் எம்பி அடிக்க வந்தால் வலைக்கு அந்தப்பக்கம் நிற்கும் பிள்ளைகள் ஒரு கணம் கண்ணை மூடுகிறார்கள் என்று எனக்குள் ஓர் எண்ணம். அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் என்னைக் கூப்பிட்டு, படிப்புச் செலவில் பாதியையாவது தந்து, எங்களுக்காக விளையாடு என்று கேட்கத்தான் போகிறது. அப்படி ஒருத்தி இங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியவேண்டியதுதான் பாக்கி என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு இந்தக் கதையே பிடிக்கவில்லை. அவருக்கு ஸ்காபரோவில் பாணும் கேக்கும் சுடும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. எங்கள் போட்டிகளும் பின்னேரங்களில்தான் நடக்கும் என்பதால் நான் விளையாடி அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. கரப்பந்தாட்டம் என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வீங்கிய முழங்காலும், தோய்க்க வரும் உடுப்பும், இறங்கிப்போன கணிதப் புள்ளியும்தான். அந்தக் கோடை தொடங்கும்போது அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

“பள்ளிக்கூடம் திறக்க முந்தி ஒருத்தராவது உன்னைக் கேக்கட்டும். கேக்காட்டி, பன்ரண்டாம் வகுப்பில பந்தைத் தொடாமல் இருந்து படிக்கிறாய்.”

நான் உடனே ஓம் என்றேன். இவ்வளவு சுலபமான நிபந்தனையை ஏன் வைக்கிறார் என்று எனக்கு அம்மாவில் கொஞ்சம் பரிதாபமும் வந்தது.

பொறுப்பைச் சின்ன மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் கடைசித் தம்பி. ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளை எங்கள் ஆட்களுக்கு விற்றுக்கொடுப்பது அவருடைய தொழில். கரப்பந்தைக் கையால் தொட்டவரில்லை. அது ஒரு குறையாக அவருக்குப் படவில்லை. வீடு விற்பதற்கும் ஆட்டக்காரியை அனுப்புவதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, வாங்குகிறவன் முதலில் பார்ப்பது படத்தைத்தான், படம் சரியாக இருந்தால் மிச்சம் தானாக நடக்கும் என்று விளங்கப்படுத்தினார். படத்துக்கு அவரிடம் ஆள் இருந்தது. கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிற ஒருவர். எல்லோரும் அவரை வீடியோ அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் தன் தொழிலில் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆக, நம்பிக்கை நிறைந்த மூன்று பேர் சேர்ந்துவிட்டோம்.

பருவத்தின் கடைசிப் போட்டிக்கு வீடியோ அண்ணை கலியாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டு, முக்காலியும் பெரிய விளக்கும் கொண்டு வந்தார். நான் முதல் பந்தைப் போட எடுத்தபோது விளக்கைக் கொளுத்தினார். மண்டபமே வெளித்தது. நடுவர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி விளக்கை அணைக்கச் சொன்னார். அண்ணை அணைத்தார், ஆனால் மனமில்லாமல். மணவறைக்கு முன்னால் விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு ஐயரும் அவரிடம் கேட்டதில்லை.

முதல் செற்றில் நன்றாக அடித்தேன். இரண்டாவதில் மூன்று பந்தை அடுத்தடுத்து வெளியே அடிக்கப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, மாற்று ஆட்டக்காரர் இருக்கும் ஓரத்து வாங்கில் இருத்திவிட்டார். அந்த செற் முழுவதும் வாங்கில்தான். மூன்றாவதில் திரும்ப இறக்கினார், நாங்கள் வென்றோம். அண்ணை தூரத்திலிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு வந்து சேர்ந்தது வீடியோ. தொடக்கத்தில் திரையின் இரண்டு மூலைகளிலிருந்தும் ரோசாப்பூ இதழ்கள் விழுந்தன. நடுவில் என் பெயர் பொன்னெழுத்தில் சுழன்று வந்து நின்றது. வயலின் அழ, நான் மிக மெதுவாக, ஒரு மேகத்தின் வேகத்தில், மேலே எழும்பினேன். அடிப்பதற்கு முன் படம் ஒரு இதய வடிவத்துக்குள் ஒடுங்கி, அடுத்த எழும்பலுக்குப் போனது. மாமா கண் கலங்கிப் பார்த்தார். அன்றைக்கே கிடைத்த பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களின் மின்னஞ்சல் முகவரிக்கெல்லாம், என் பள்ளிக்கூடப் புள்ளிகளையும் உயரத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

ஒரு பதில் உடனே வந்தது. மாமா கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அந்தப் பயிற்சியாளர் விடுமுறையில் இருப்பதாகக் கணினி தானாக அனுப்பும் பதில் அது என்பதைக் கேக்கை வெட்டிய பிறகுதான் கவனித்தோம். அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. ஆகஸ்ட் பிறந்தபோது எனக்கு முதன்முறையாக நித்திரை குழம்பத் தொடங்கியது.

பள்ளிக்கூடப் பயிற்சியாளரிடம் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் அரை நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள், பாட்டு வேண்டாம், பூ வேண்டாம், வெட்டாத ஆட்டத்தை அப்படியே அனுப்பு, பந்து எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரியவேண்டும் என்றார். போட்டிகளோ முடிந்துவிட்டன. ஆகவே வீடியோ அண்ணையிடம் வெட்டாத படத்தை வாங்கி, மாமாவும் நானும் எங்கள் வீட்டு ரிவியில் போட்டோம்.

பந்து இருக்கவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை திரையில் நான் மட்டும். நான் அடித்த பந்து கையைவிட்டுப் போனதும் படத்தைவிட்டும் போய்விட்டது. புள்ளி யாருக்குக் கிடைத்தது என்பதை என் முகத்தைப் பார்த்து ஊகிக்கவேண்டும். நான் வாங்கில் இருந்த செற்றில் ஆட்டம் ஒருபக்கம் நடக்க, கமெரா என்னுடன் வாங்கில் இருந்தது.

தொலைபேசியில் கத்தினேன். வீடியோ அண்ணைக்குக் கோபமே வரவில்லை.

“தங்கச்சி, கலியாண வீட்டில கமெரா பொம்பிளையை விட்டு அசையாது. வந்த சனத்தை எடுத்து என்ன செய்யிறது?”

நான் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று ஒரு பகல் முழுக்கப் படுத்திருந்தேன். அடுத்தநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தபோது, அம்மா வேலைக்குப் போகும் உடுப்புடன் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு அப்படியே கிடந்தது. நிற்பாட்டுங்கோ என்றேன். கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நான் வாங்கில் இருக்கும் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பார்த்து முடித்துவிட்டு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். இதை அப்படியே எல்லோருக்கும் அனுப்பச் சொன்னார். மாமா மறுத்தது எனக்கே கேட்டது. தொழில் தெரிந்தவன் சொல்கிறேன், இது சுவர் பூசாத வீடு அக்கா என்றார்.

“பூசாத வீட்டையும் ஆக்கள் வந்து பாக்கினம்தானே. அனுப்பு.”

அம்மாவுக்கு விளையாட்டுத் தெரியாது, அதனால்தான் இப்படிச் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். இனிக் கெடுவதற்கும் ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய கிழமை, அமெரிக்காவில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எழுதினார். கதைக்க விரும்புவதாகவும், வீட்டில் பெரியவர்களும் இருந்தால் நல்லது என்றும். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மா அன்று வேலைக்கு லீவு போட்டார். மாமா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து கணினிக்கு முன்னால் நடுவில் இருந்தார். அவரை அம்மா ஓரத்துக்குத் தள்ளினார்.

திரையில் தெரிந்தவர் நரைத்த தலையுடன், மிக அமைதியான ஒரு பெண். எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் அடித்த பந்துகளை வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள், அடிக்காத நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று காட்ட ஒருவரும் துணிவதில்லை, இதை அனுப்பியது யாருடைய யோசனை என்று கேட்டார். மாமா தன்னுடையது என்றார்.

பிறகு அவர் என்னிடம் வாங்கில் இருந்த அந்த செற்றைப் பற்றிக் கேட்டார். வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளையையும் நான் எழும்பிப் போய்ப் பிடித்து ஏதோ சொல்கிறேன், விரலால் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறேன், என்ன சொன்னாய் என்றார். அவர்களின் பின்பக்க மூலை காலியாக இருந்தது, அங்கே போடச் சொன்னேன் என்றேன். வாங்கில் இருக்கும்போதும் உன் கால் ஒவ்வொரு பந்துக்கும் நகர்கிறது, தெரியுமா என்றார். தெரியாது. உண்மையில் அவர் ஏன் வேண்டாத இடத்தையே பிடித்துக் கேட்கிறார் என்று எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. நான் எவ்வளவு உயரம் எம்புவேன் என்பதை இடையில் புகுத்திச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, எம்புகிறவர்கள் தன்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். குளிர் தொடங்குவதற்குள் வந்து அவர்கள் அணியுடன் இரண்டு நாள் இருந்து பார் என்று அழைத்தார்.

மீதியெல்லாம் நன்றாகவே நடந்தது. போனேன், அவர்களுக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது, அடுத்த வருடம் அங்கேயே சேர்ந்து நான்கு வருடம் விளையாடினேன். முதல் வருடம் பெரும்பாலும் வாங்கில் இருந்தேன். அதற்குத்தானா இவ்வளவு தூரம் கூப்பிட்டவை என்று மாமா கேட்டார். கடைசி வருடம் நான்தான் அணித்தலைவி. வீடியோ அண்ணை இன்றைக்கும் தன் விளம்பரத்தில் ‘விளையாட்டு வீரர்களுக்கும்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார். அவரிடம் கேட்டால் நான் அமெரிக்கா போனதற்குக் காரணம் ரோசாப்பூ என்பார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த அழைப்பு முடிந்த பின்னேரம். மாமா நடைபாதையில் நின்று தொலைபேசியில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் அடுத்தநாள் வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நிபந்தனையில் வென்றவள் நான். ஏதாவது சொல்வார் என்று மேசையில் சாய்ந்து நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“வீடியோவில அந்தப் பிள்ளையளோட நிக்கேக்க உன்ர முகம் வேற மாதிரி இருந்தது. வீட்டில நீ உப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை.”

அம்மாவின் நீண்ட குறைப்பட்டியலில் இது இன்னொன்று என்று எடுத்துக்கொண்டேன். முழங்கால், உடுப்பு, கணிதம், இப்போது சிரிப்பு. ஆனாலும் அன்று நான் தாராள மனதுடன் இருந்தேன், இது திருத்தக்கூடிய குறைதானே என்றும் தோன்றியது. அடுத்தநாள் காலை, வேலைக்கு முந்தி எல்லோரும் சாப்பிட இருந்தபோது, பனிக்காலத்துக்குக் காரின் ரயர் மாற்றுவதைப் பற்றி அப்பா ஏதோ சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா திகைத்துப்போனார். அம்மா கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, சுகமில்லையே?”

நான் போவதற்கான சம்மதத்தை அவர் முதல்நாளே சமையலறையில் வைத்துத் தந்துவிட்டார் என்பதோ, அந்த இரண்டு வசனத்துக்கு வந்து சேர அவருக்கு ஒரு கோடை முழுவதும் எடுத்தது என்பதோ எனக்குத் தெரியவில்லை. சத்தம் போதாது போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பலமாகச் சிரித்தேன்.