பலா மரத்துக்குப் பட்ட கண்

எங்கள் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவார்கள். போட்டுப் போட்டு என் வீட்டு முற்றம் பள்ளமாகிவிட்டது. கார் வாங்கிய பவுசில் அந்த முற்றம் முழுக்க நான் சிமெண்ட் போட்டேன். தண்ணீர் தெருவோரச் சாக்கடையான வாறுகாலுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் மண்ணடித்து உயர்த்த வேண்டும், செலவாகும் என்றார் கொத்தனார்.

"இல்லாட்டி பின்பக்கமா சாய்ச்சு விட்ருவோமா சார்?"

"விடுங்க" என்றேன்.

பின்பக்கம் என்பது பக்கத்து வீட்டுத் தோட்டம். சுவரின் அடியில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகினார். அந்தப் பக்கம் வாழை மண்டிக் கிடந்ததால் குழாய் யார் கண்ணிலும் படாது. மாடித் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் எல்லாம் அதன் வழியே போயின.

வாழையை ஒட்டி நின்றது பலா. பக்கத்து வீட்டுக்காரி தையல் தைத்துப் பிழைப்பவள். வருஷா வருஷம் முதல் பழத்தைக் கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பாள். பூசை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். நான் சிமெண்ட் போட்ட வருஷத் திருவிழாவில் அவளுடைய நாத்தனார் மரத்தடியில் நின்று, "ஆத்தாடி, அடிமரம் தெரியாம காச்சிருக்கே!" என்று வாயைப் பிளந்தாள். பாவம், சந்தோஷத்தில் சொன்னது.

ஐப்பசியில் மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. ஒரு நாள் மாடியிலிருந்து பார்த்தேன். பலாவின் தூரைச் சுற்றிக் குளமாக நின்றது தண்ணீர். அதில் எங்கள் வீட்டுச் சோப்பு நுரை மிதந்தது. பக்கத்து வீட்டுக்காரி மழைத் தண்ணீர் என்றே நினைத்து, "இந்த வருசம் மரத்துக்குக் கொறையே இல்ல சார்" என்றாள். வேருக்கும் காற்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவன் நான். சிரித்து வைத்தேன்.

இலை பழுத்துக் கொட்டியது. பிஞ்செல்லாம் கறுத்து விழுந்தது. அடுத்த திருவிழாவுக்கு ஒரு பழம்கூட இல்லை.

"கண்ணுபட்டுப் போச்சு சார். என் நாத்துனா கண்ணு" என்றாள். மரத்தில் பழைய செருப்பைக் கட்டினாள். சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரைக் கொண்டுவந்து தூரில் ஊற்றினாள். மூழ்கிக் கிடக்கிற மரத்துக்கு மேலும் ஒரு பாட்டில். நாத்தனாருடன் பேச்சை நிறுத்தினாள். மகளுக்குச் சடங்கு வைத்தபோது, சீரோடு முன்னால் வந்து நிற்க வேண்டிய அத்தையை அழைக்கவே இல்லை.

கார் ரிப்பேருக்குப் போயிருந்த ஒரு நாள், அந்த நாத்தனார் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் கேட்டாள்: "நீங்க படிச்சவுக. சொல்லுங்கண்ணே, எங்கண்ணு அம்புட்டுக் கொள்ளிக்கண்ணா?"

"கண்ணாவது மண்ணாவது! போத்தா" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அன்று பூராவும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே முற்றத்தை உடைத்தேன். "கார் அடி தட்டுது" என்று எல்லாரிடமும் சொல்லி, மண்ணடித்து மேடாக்கி, தண்ணீரை வாறுகாலுக்குத் திருப்பினேன். குழாயைப் பிடுங்கி, ஓட்டையை அந்தப் பக்கமும் சேர்த்துப் பூசி, மேலே வெள்ளையும் அடித்தேன். மரம் பிழைத்தால் சண்டையும் தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு.

மரம் பிழைத்தது. இந்த வருஷம் காய்த்தும் விட்டது. "பாத்தீகளா சார், செருப்பக் கட்டவுந்தான் கண்ணு கழிஞ்சிச்சு" என்றாள். அதுவரை சந்தேகமாக இருந்தது அவளுக்கு ருசுவாகிவிட்டது. நான் செய்த ரிப்பேர் அந்த நாத்தனார்மேல் முத்திரை குத்திவிட்டது.

திருவிழாவில் பழம் ஏலத்துக்கு வந்தது. நாத்தனார் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பழத்தைப் பார்த்துவிடாதபடி சுவரைப் பார்த்து நின்றாள். விடாமல் கேட்டு நானே அந்தப் பழத்தை எடுத்தேன். நேராகப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன சார், வெட்டத் தெரியலையா?"

"உன் நாத்துனா மேல குத்தமில்லத்தா. எங்க வீட்டுத் தண்ணி நின்னுதான் உன் மரம் பட்டுச்சு. குழா வச்சு உன் பக்கம் விட்டது நாந்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அவளுக்காகப் பரிஞ்சு பேசுறீக. உங்க மனசு யாருக்கு வரும்? தண்ணிக்கு வெட்டிக்கிற ஊரு சார் இது. தண்ணி ஊத்தி எங்கயாச்சும் மரம் பட்டுப்போகுமா?"

சுவரைக் காட்டினேன். வெள்ளையடித்த சுவர் சுத்தமாக இருந்தது.

அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தாள். முதல் சுளையை எனக்குத்தான் கொடுத்தாள்.