பஸ் முழுக்கக் கேட்ட கேள்வி

எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட் என்னுடையது. அந்த சீட்டுக்காரரின் போனைத்தான் பஸ் ஸ்பீக்கரோடு இணைப்பார்கள். பாட்டுப் போடுவது அவர் பொறுப்பு. ஒரகடம் விட்டு வல்லக்கோட்டை வரும்வரை என் ராஜ்ஜியம்தான். யாராவது சோகப் பாட்டு கேட்டால் எனக்குக் கோபம் வரும். நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறோம், அழுவதற்கா?

அன்று சாயங்காலம் பக்கத்தில் தென்காசிக்காரி உட்கார்ந்திருந்தாள். என் லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி. மாசமாக இருந்தாள். தானாகவே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடச் சொல்லி சூப்பர்வைசர் காலையில் கேட்டிருக்கிறார்.

"வேல போச்சுன்னா நானும் எங்க வீட்டுக்காரரும் ஊருக்குத்தான் போகணும்க்கா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவுரு சொன்னா சட்டமா? இரு, கேட்டுரலாம்."

வாலாஜாபாத்தில் நடந்த சட்ட உதவி முகாமில் என் போனில் ஒரு ஆப் ஏற்றித் தந்திருந்தார்கள். கேள்வியைப் பேசினால் தமிழில் பதில் பேசும். நான் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு போனை நீட்டினேன். அவள் அதில் கிசுகிசுத்தாள்.

ஸ்பீக்கர் ஞாபகம் சுத்தமாக இல்லை. பதிலுக்கு முன்னால் அந்த ஆப் நம் கேள்வியையே ஒருமுறை போட்டுக் காட்டும் என்பதும் எனக்கு எங்கே தெரியும்?

"நான் மாசமா இருக்கேன். சூப்பர்வைசர் வேலைய விட்டுட்டுப் போறதா எழுதித் தரச் சொல்லுதாரு. கொடுக்கணுமா?" அவள் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. மழை என்று பைக்கை விட்டுவிட்டு அன்று சூப்பர்வைசரும் எங்கள் பஸ்ஸில்தான் இருந்தார். நான் போனைத் தடவி நிறுத்துவதற்குள் பதில் ஆரம்பித்துவிட்டது. எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பிரசவ விடுப்பில் போவதற்காக யாரையும் நீக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். டிரைவர் அண்ணன் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினார்.

சூப்பர்வைசர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அவள் நகம் என் கையில் பதிந்தது.

"இன்னா சார், அது தப்பா சொல்லுதா?" என்று நானே முந்திக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி போடும்மா" என்றார். தன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். "ஏம்மா, அந்த லெட்டர நாளைக்கு உங்க கம்பெனில குடுத்துறாத. இத கேளு" என்று போனை ஸ்பீக்கரை நோக்கித் தூக்கிப் பிடித்தார். அவர் மனைவியும் மாசமாக இருக்கிறாராம். இன்னொரு கம்பெனியில் அவரிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள்.

நான் போட்டேன்.

பதில் முடிந்ததும் சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டு இவளைப் பார்த்தார். "நீயும் எழுதித் தர வேணாம்மா. கொண்டாந்தாலும் நான் வாங்க மாட்டேன். மேல நான் பேசிக்கிறேன்."

பின்சீட்டுகளில் விசில் பறந்தது. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு போடுங்கக்கா" என்றாள்.

அன்று அவள் சோகப் பாட்டு கேட்டிருந்தால்கூடப் போட்டிருப்பேன். கேட்டது குத்துப்பாட்டு.