நாலாயிரத்து எண்ணூறு

நிதானம் என்னும் நற்குணம் கனடாவின் தண்டர் பே நகரில் எங்கள் மருத்துவமனையின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கு அடுத்த கதவுக்குள் குடியிருக்கிறது. ஐலி நியெமி என்பது அதன் பெயர். அகவை அறுபத்தொன்று. தாள்களின் நகலைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் ஃபேக்ஸ் சர்வரைக் காப்பது தொழில்.

திரையைப் பார்க்குமுன் அவர் செவி கொடுப்பார். ஒலிபெருக்கியைத் திறந்து, இரு இயந்திரங்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் கீச்சொலிக்குத் தலை சாய்ப்பார். கைகளோ கணவர் ரெய்னோவின் எப்போதும் குளிரும் பாதங்களுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கும். "இது தண்ணி பூந்த லைன்" என்பார். "இது அவசரக்குடுக்கை" என்பார். வடக்கே ஏரிகளுக்கு அப்பாலுள்ள செவிலியர் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்: எண், கம்பியின் குணம், அது தாங்கும் வேகம். பதிவேட்டுப் பிரிவிலிருந்து தாள் சுமந்து செல்லும் நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அப்பெட்டி நிறைவதைக் கண்டு வருகிறேன்.

சென்ற மார்ச்சில், பனி உருகத் தொடங்கிய நாளொன்றில், நாலு மாதக் குழந்தையின் இதய மருந்துக்கு அளவை மாற்றி மருத்துவர் கையொப்பமிட்டார். தாள்கள் இரண்டு, அளவு இருந்தது இரண்டாவதில். பன்னிரண்டு மணிக்கு மருந்து. தாள் கைக்கு வராமல் செவிலி அதைக் கொடுத்தலாகாது. பதினொன்றரைக்கு அந்நிலையத்துச் செவிலி வெர்னா செயற்கைக்கோள் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐலி, உங்க சர்வருக்கு விக்கலா? மொதப் பக்கத்தையே ஏழு தடவ துப்பிடுச்சு. டோஸ் இருக்கற பக்கம் மட்டும் வரல."

மேலாளர் கிராண்ட் கதவருகே என் பக்கத்தில் நின்றார். பிழை திருத்தும் அமைப்பை அணைத்துவிட்டால் தாள் உடனே சென்றுவிடும், ஓரிரு கோடுகள் கலைந்தால் என்ன என்றார். ஐலி திரும்பவில்லை.

"போய்ச் சேரும், கிராண்ட். நடுவுல ஒரு புள்ளி அழிஞ்சாலும் சேரும். அப்புறம் பத்து மடங்கு மருந்து. நீ கையெழுத்துப் போடறியா?"



நிமிடத்துக்கொரு முறை தானே முயன்று, வெர்னாவின் ஒற்றைக் கம்பியை அடைத்துக்கொண்டிருந்த சர்வரை ஐலி முதலில் நிறுத்தினார். கம்பிக்கு ஐந்து நிமிடம் ஓய்வளித்தார். நொடிக்குப் பதினாலாயிரத்து நானூறு பிட்டாக இருந்த அனுப்பும் வேகத்தை ஒன்பதாயிரத்து அறுநூறாக்கினார். இரண்டாம் பக்கத்தின் நடுவே தொடர்பு அறுந்தது. நாலாயிரத்து எண்ணூறாக்கினார். பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. ஐலியின் பின்னலூசிகள் உரசிக்கொண்டிருந்தன.

பதினொன்று ஐம்பத்து மூன்று. அனுப்பப்பட்டது என்றது திரை. கிராண்ட் நெடுமூச்செறிந்தார். ஐலி அதை நம்பாமல் வெர்னாவை அழைத்தார்.

"அளவ எனக்குப் படிச்சுக் காட்டு. மெதுவா."

"ஒண்ணு... பாயிண்ட்... ரெண்டு. மில்லி."

மூலத்தாளின் மேல் பின்னலூசியின் முனை ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து, அச்சிறு புள்ளியின் கீழ் ஒரு கணம் நின்று, பின்னரே கடந்தது.

ஐலியின் மனையில் விறகு குறையாதிருப்பதாக. ரெய்னோவின் பாதங்கள் என்றும் வெதுவெதுப்பாய் இருப்பனவாக.