தொட்டிலுக்கு மேல் ஒரு வளையம்

இன்று நிலையில் இடிக்காமலிருக்கத் தலை குனிந்து வாசல் நுழைகிற என் தம்பி, பிறந்தபோது அப்பாவின் ஒரு கைக்குள் அடங்கினான். நாள் வருவதற்குள் பிறந்துவிட்டவன். எங்கள் ஊர் முதலமடையில் மாங்காய் லாரிகள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் வைத்திருந்து, அம்மாவையும் அவனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை ஏறிக்கொண்டே இருந்தால் பயமில்லை, இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஏறுகிறதா இறங்குகிறதா என்று வீட்டில் எப்படித் தெரியும்? மாங்காய் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டுவிட்டார். அம்மா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. கோயம்புத்தூரில் எடைக்கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் சர்க்யூட் வடிவமைப்பது அவர் வேலை. அது என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ரேடியோ ரிப்பேர் என்று நினைத்திருந்தோம். அவர் குழந்தையைக் கொஞ்ச நேரமும், சேலைத் தொட்டில் தொங்கிய உத்தரத்தை வெகுநேரமும் பார்த்தார்.

"அண்ணி, பையனை எங்கயும் தூக்கிட்டுப் போக வேண்டாமுங்க. தொட்டில்லயே தூங்கட்டும். எடையை நான் மேலிருந்தே பாத்துக்கறனுங்க."

இரண்டொரு நாளில் பெட்டியும் சாமானுமாகத் திரும்பி வந்தார். கொஞ்சம் லீவு இருக்கிறது என்றார். மெல்லிய எஃகு வளையம் ஒன்றின்மேல், பாதித் தபால்தலை அளவுள்ள ஒரு தாளைப் பசை வைத்து ஒட்டினார். அந்தத் தாளுக்குள் தலைமுடியைவிட நைசான கம்பி வளைந்து வளைந்து ஓடியது. தொட்டிலின் பாரத்தில் வளையம் துளியூண்டு நெளியும், கம்பியும் கூடவே நீளும், அதில் ஓடும் மின்சாரம் துளியூண்டு மாறும், அந்தத் துளியைப் பெரிதாக்கி முகப்பு ஊசியில் காட்டுவதுதான் வயரின் மறுமுனையில் இருக்கும் இந்தப் பெட்டி என்று எனக்கு விளக்கினார். வளையத்தை உத்தரத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவில் மாட்டி, சேலையின் எடையைக் கழித்து, ஊசியைப் பூஜ்யத்தில் நிறுத்தினார்.

தினமும் விடிந்ததும் எடை பார்ப்போம். தம்பி காலை உதைத்தால் ஊசி ஆடும். அவன் தூங்கும்வரை எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். ஊசி நாளுக்கு நாள் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது. அம்மா மறுபடி வாய்க்குள் பாட ஆரம்பித்தாள்.

ஒரு நாள் சித்தப்பா பேட்டரி வாங்கப் பக்கத்திலிருக்கும் சித்தூருக்குப் போயிருந்தார். நல்ல உச்சி வெயில். அம்மா எதேச்சையாகப் பெட்டியைப் பார்த்தாள். காலையில் இருந்த இடத்தில் ஊசி இல்லை; போன வாரத்து எடைக்கும் கீழே கிடந்தது. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் இறங்கியது. அம்மா போட்ட சத்தத்தில் தோட்டத்திலிருந்து அப்பா ஓடி வந்தார். பாதி மாங்காய் ஏற்றியிருந்த லாரியை அப்படியே கிளப்பினார்கள். முன்சீட்டில் அம்மாவின் மடியில் தம்பி, அவள் தோளோடு ஒட்டிக்கொண்டு நான். பாலக்காடு வரும்வரை அவன் மூக்கருகே வைத்த விரலை அம்மா எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரித் தராசில் எடை ஏறித்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் அப்பா கத்தினார். "உன்ற பொட்டியக் கழட்டுடா! இன்னைக்கு இவளுக்கு உசிரே போயிருக்கும்."

சித்தப்பா முக்காலியில் ஏறி வளையத்தைத் தொட்டார். ஓட்டுக் கூரையின் சூடு அதில் இன்னும் மிச்சமிருந்தது. "வெயில்ல எஃகும் நீளுது, கம்பியும் மாறுது. பாரம் கொறஞ்சுதா, சூடு ஏறுச்சான்னு இதுக்குப் பிரிக்கத் தெரியலீங்க. எனக்குத் தெரிஞ்ச விசயந்தான். ஊட்டுக்குள்ளதானேன்னு அசட்டையா விட்டுட்டேன்."

அவர் முடிச்சை அவிழ்க்கப் போனபோது அம்மா தடுத்தாள். "இருங்க தம்பி. அதுக்கு என்ன பண்ணோணும்? அதப் பண்ணுங்க. எனக்குத் தினமும் பாக்கோணும்."

அதே எஃகில் ஒரு துண்டு வெட்டி, அதே மாதிரித் தாளை ஒட்டி, பாரம் எதுவும் இல்லாமல் வளையத்தின் பக்கத்திலேயே கட்டினார் சித்தப்பா. சூடு இரண்டுக்கும் ஒன்றுபோலப் படும். சர்க்யூட்டில் ஒன்றை ஒன்று கழித்துவிடும். மிஞ்சுவது பாரம் மட்டும். ஆனாலும் முதல் முயற்சியில் ஊசி நிற்கவில்லை. வயரை மாற்றிக் கட்டினார், மறுபடி பசை போட்டார், சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் இருந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், தொட்டிலில் அம்மாவே எடைக்கற்களை வைத்தாள். தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசி அசையவில்லை. கற்களை எடுத்துவிட்டுக் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள்.

சித்தப்பாவின் லீவு மட்டும் முடியவே இல்லை. பிறகு ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். இருவரும் மாமரத்தடியில் நின்று பேசினார்கள். நான் மோர் கொண்டுபோனேன்.

"இந்த வாரமும் வரலீன்னா வேற ஆளைப் போட்டுருவேன்னு மொதலாளி சொல்லீட்டாருங்க."

"போடட்டுங்க" என்றார் சித்தப்பா. "பையன் தேறாம நான் எப்படி வாரது? அந்தப் பொட்டி தகராறு பண்ணுனா இங்க யாரு பாப்பாங்க?"

வந்தவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். நான் வீட்டுக்குள் ஓடி, தம்பிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்: "சித்தப்பா வேலைக்கு வேற ஆளப் போடறாங்களாம்மா! இனிச் சித்தப்பாவுக்கு வேலையே இருக்காது. இங்கயே இருப்பாரு!"

அம்மாவின் கை அப்படியே நின்றது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்காமல்தான் அழுகிறாள் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.